ஸ்கூபா சாமான்களை விமானத்தில் கொண்டுபோவது எப்படி? கேள்வி பதில்

மதுரையிலிருந்து சென்னை வழியாக அந்தமானுக்கும், கொழும்பு வழியாக மாலத்தீவுக்கும் ஸ்கூபா டைவிங், அதாவது காற்று சிலிண்டரைச் சுமந்து கடலுக்கடியில் நீந்தக் கிளம்புகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். மூட்டை கட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். டிக்கெட் எங்கே மலிவு என்பது எனக்குத் தொடர்பில்லாத விஷயம்.

திருநகர்: அக்கா, உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோதான் தருகிறார்கள். எதை எதில் வைப்பது?

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி), மாஸ்க் மூன்றும் கைப்பையில். பெட்டி வந்து சேராவிட்டால் காலில் மாட்டும் துடுப்பையும் வெட்சூட் என்கிற ரப்பர் உடையையும் அங்கே வாடகைக்கு எடுத்துவிடலாம். உங்கள் முகத்துக்குப் பொருந்திய மாஸ்க்கும் உங்களுக்குப் பழகிய கம்ப்யூட்டரும் அப்படிக் கிடைக்காது. பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம்.

ரெகுலேட்டரின் மூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்குங்கள். குழாய்களைப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். உலோகமும் ரப்பரும் சேரும் இடத்தில் மடிக்கவே கூடாது. ஸ்கேனர் திரையில் குழாயும் உலோகமுமாகத் தெரிவதால் பாதுகாப்புச் சோதனையில் திறந்து காட்டச் சொல்லக்கூடும். தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் கருவி என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

பிசிடி அங்கியின், அதாவது காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கியின் உட்பையையும் நல்ல தண்ணீரால் அலசி, வடித்து, நிழலில் முழுதாக உலர்த்துங்கள். ஈரம் என்பது நீங்கள் காசு கொடுத்துச் சுமக்கும் எடை. துடுப்புகளைப் பெட்டியின் இரு பக்கச் சுவர்களாக நிறுத்தி, நடுவே வெட்சூட்டைப் பரப்புங்கள். கத்தி பெட்டிக்குள்தான். அங்கியின் பாக்கெட்டில் சிறு வெட்டுக்கத்தி மறந்து கிடக்கும்; கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி கொண்டுபோகவே வேண்டாம், டைவ் கடையில் கொடுப்பார்கள்.

அண்ணா நகர்: டார்ச்சைப் பெட்டியில் போட்டுவிடலாமா?

பேட்டரியைக் கழற்றாமல் எந்தப் பையிலும் போடாதீர்கள். தண்ணீருக்குள் எரிவதற்காகச் செய்த விளக்கு அது. சுற்றியுள்ள நீர்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. துணிகளுக்கு நடுவே தவறிப்போய் எரியத் தொடங்கினால் சூடு வெளியேற வழியில்லை.

கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே போகலாம். தீப்பிடித்தால் ஆள் பார்த்து அணைக்கக்கூடிய இடம் அதுதான். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனி உறையில் வையுங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். 3.6 வோல்ட், 3.4 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 12 வாட்-மணிதான். 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு உதிரி பேட்டரிகள். அதற்கு மேல் கிடையாது. சூடு அதிகம் தரும் பெரிய டார்ச் என்றால் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேலூர்: சொந்த சிலிண்டர் கொண்டுபோகலாமா?

வேண்டாம். காற்று நிரப்பியதை ஏற்க மாட்டார்கள். காலி சிலிண்டருக்கும் வால்வைக் கழற்றி உள்ளே காட்ட வேண்டியிருக்கும். அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது.

ஆரப்பாளையம்: கையடக்கமான சின்ன சிலிண்டர்?

மேலூர்க்காரருக்குச் சொன்னதேதான். அளவு சிறியது என்பதால் உள்ளிருக்கும் அழுத்தம் குறைந்துவிடாது.

திண்டுக்கல்: டைவ் முடித்து 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். நாங்கள் ராமேஸ்வரம் பக்கம் இரண்டு நாள் டைவ் செய்துவிட்டுக் காரில் கொடைக்கானல் போகிறோம். அது எங்களுக்குப் பொருந்தாதுதானே?

பொருந்தும். இதை எல்லோரும் படியுங்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கியிருக்கிறது. வெளியழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழாகிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் கார் உங்களை விமானத்தின் உயரத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

தேனி: எங்கள் பக்கத்து மக்கள் தினமும் மலையேறி இறங்குகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

அவர்கள் யாரும் முந்தின நாள் கடலுக்கடியில் இருக்கவில்லை, ஐயா. ஆபத்து மலையில் மட்டும் இல்லை, கடலும் மலையும் அடுத்தடுத்து வருவதில் இருக்கிறது.

திண்டுக்கல் (மறுபடியும்): ஆழம் பத்து மீட்டர்தான் அக்கா.

ஆழம் குறைந்தால் ஆபத்து குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாள், பல டைவ். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல் இதுதான்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18, மேலே வரும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐ விடக் கணிசமாக அதிகம். பத்து மீட்டருக்குத் தனிச் சலுகை அதில் இல்லை. மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் திட்டு, காரணமில்லாத அசதி வந்தால் மலையிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். டைவ் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.

கொடைக்கானல்: என் வீடே இங்கேதான். நான் என்ன செய்வது?

மதுரையில் ஓர் இரவு தங்குங்கள். கோயிலுக்குப் போங்கள், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், கடைசி டைவிலிருந்து 18 மணி நேரம் கடந்த பிறகு மலையேறுங்கள்.

செல்லூர்: மூணாறு?

சுமார் 5,000 அடி. அதே கணக்குதான். வால்பாறை, ஊட்டி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டாம். 2,000 அடிக்கு மேல் எந்த ஊருக்கும் இதையே பின்பற்றுங்கள்.

பழங்காநத்தம்: டார்ச் பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டுமா? சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாது. சுவிட்ச் பெட்டிக்குள் நசுங்கும். கழற்றுங்கள்.

கே.கே. நகர்: விலையுயர்ந்த கேமராவோடு கொழும்பு போகிறேன். திரும்பும்போது சுங்கத்தில் கேட்பார்களா?

கேட்கலாம். புறப்படும் நாளன்றே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பெட்டியை ஒப்படைத்த பிறகு கேமராவைக் காட்ட முடியாது.