குடியிருப்பில் நிழல் மரம்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையில் தெருமரங்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன். அரசு வாரியம் கட்டிய குடியிருப்பு, வடசென்னைத் தெரு பற்றிக் கேளுங்கள். மாடித்தோட்டம் என் துறை இல்லை.

கேள்வி: பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பு. நிழலே இல்லை. என்ன மரம் வைக்கலாம்?

பதில்: மரம் அப்புறம். தண்ணீர் யார் ஊற்றுவது? நடும் நாளில் போட்டோவுக்குக் கூட்டம் வரும். ஏப்ரலில் குடத்தோடு யாரும் வரமாட்டார்கள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வீட்டிடம் கன்றுக்கும் ஒரு குடம் கேட்பது நியாயமில்லை. மூன்று கோடைக்கான தண்ணீர்ச் செலவைத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கன்றுகளைப் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்தது இடம். சாயங்காலம் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், தள்ளுவண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு அங்கே நடுங்கள். பையன்களின் கிரிக்கெட் பிட்சில் நட்டால் ஒடிப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. கட்டட இடிபாடு வந்தால் அள்ளிக் கொட்டிவிட்டு செம்மண்ணும் மக்கிய எருவும் போடுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு பக்கம் என்பதால் தண்ணீர் தேங்கும். புங்கன், பூவரசு, நீர்மருது தாங்கும்.

கேள்வி: வியாசர்பாடி. எங்கள் தெரு அகலமே ஒன்பது அடி.

பதில்: தெருவில் முடியாது. அங்கன்வாடி, ரேஷன் கடை வாசலைப் பாருங்கள். ரேஷன் வரிசை எப்போதும் வெயிலில்தான் நிற்கிறது.

கேள்வி: சீக்கிரம் வளரும் மரம் எது?

பதில்: முருங்கை. காற்றில் சீக்கிரம் ஒடிவதும் அதுதான்.

கேள்வி: கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வைத்தோம், ஒரே வருடத்தில் தளதளவென்று வந்துவிட்டது. ஏன் எல்லோரும் வெட்டச் சொல்கிறீர்கள்?

பதில்: குஜராத் 2023-லேயே தடை செய்துவிட்டது, தமிழ்நாடு 2025-ல். மகரந்தத்தால் ஒவ்வாமை வரும், வேர் குழாய்க்குள் புகும் என்பதுதான் புகார்.

இடையில் ஒருவர்: புங்கன் வளர ஐந்து வருடம் ஆகும். அதுவரை எங்கள் பிள்ளைகள் வெயிலில் காயட்டுமா? பங்களாத் தெருவில் உட்கார்ந்து தடை போடுவது சுலபம்.

பதில்: கோபம் நியாயம். ஒரே நாளில் மொத்தத்தையும் வெட்டாதீர்கள். பக்கத்தில் புங்கன் நட்டு, அது தலைக்கு மேல் வந்ததும் ஒவ்வொன்றாக எடுங்கள் என்பது என் யோசனை. அதிகாரி ஒப்புவாரா என்பது வேறு கதை.

இன்னொருவர்: வேம்புதான் நல்லது, புங்கன் இலை குப்பை.

பதில்: இலை விழாத மரம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள்.

கேள்வி: மியாவாக்கி காடு?

பதில்: கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் குட்டிக் காடு அது. பறவைக்கு நல்லது. அதனடியில் கயிற்றுக்கட்டில் போட முடியாது.

கேள்வி: வர்தா மாதிரி புயலில் விழுந்துவிடாதா?

பதில்: 2016 டிசம்பரில் விழுந்தவற்றைப் போய்ப் பார்த்தேன். பலவற்றில் ஒரு பக்கம் கேபிள் பள்ளம் வேரை அறுத்திருந்தது, மறுபக்கம் சிமென்ட் அடிமரத்தை நெருக்கியிருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமென்ட் இல்லாமல் விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லிக்கு உத்தரவிட்டது. உங்கள் தெருவிலும் அதைக் கேளுங்கள்.

கேள்வி: கண்ணகி நகர். என்ன மரம் வைக்கலாம்?

பதில்: முதல் பதில். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

கேள்வி: கன்றைச் சுற்றி வைத்த கம்பிக் கூண்டை எப்போது எடுப்பது?

பதில்: கம்பி பட்டையைத் தொடுவதற்கு முன்னால். போன மாதம் ஒரு பூவரசைப் பார்த்தேன். கூண்டின் ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டது. உபயதாரர் பெயர்ப்பலகையில் ‘உபயம்’ மட்டும் வெளியே தெரிகிறது.