கேளுங்கண்ணே: 300 ரூவா அபராதமும் ஒரு கூட்டாளியோட சாட்சியும்

உசிலம்பட்டி வாசகி: அண்ணே, மகன் சொன்னான்னு 'மண்ட்டோ' இந்திப் படத்தப் பாத்தேன். நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு, திடீர்னு சம்பந்தமில்லாம யார் யாரோ வர்றாங்க, அப்பறம் அவங்கள ஆளையே காணோம். பிளாஷ்பேக்கா கனவா? பாதில ஆஃப் பண்ணிட்டேன்.

அக்கா, நீங்க மட்டும் இல்ல, நானும் மொத தடவ பின்னாடி பின்னாடி தள்ளிப் பாத்தவன்தான். அது பிளாஷ்பேக் இல்ல, அந்த மனுசன் எழுதுன கதைங்க. சாதத் ஹசன் மண்ட்டோ, உருதுல கதை எழுதுனவரு, 1912ல பஞ்சாப்ல பொறந்து பம்பாய்ல சினிமாவுக்கு எழுதிட்டு இருந்தவரு, 1948ல பாகிஸ்தான்ல இருக்கற லாகூருக்குப் போய்ட்டாரு, 1955ல 42 வயசுலயே முடிஞ்சு போச்சு. நந்திதா தாஸ் 2018ல இதப் படமா எடுக்கும்போது அவர் வாழ்க்கையும் அவர் கதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடுற மாதிரி வச்சுட்டாங்க, 'இங்கருந்து கதை'ன்னு ஒரு எழுத்து கூட போடல. எழுதுறவன் மண்டைக்குள்ள அப்டித்தான் இருக்கும்னு காட்டுறாங்கன்னு எனக்குத் தோணுது, ஆனா கதைய முன்னாடியே படிக்காதவங்களுக்கு கஷ்டம்தான், அது படத்தோட குறைதான்னு நான் சொல்லுவேன். மண்ட்டோ கதைங்க தமிழ்லயே கெடைக்குது. மதுரை தமுக்கம் மைதானத்துல புத்தகத் திருவிழா போட்டா எடுத்துட்டு வந்து நாலஞ்சு கதை படிச்சுட்டு மறுபடி உக்காருங்க.

மேலூர் வாசகர் (ரிட்டயர்டு வாத்தியார்): அசிங்கமா எழுதுனா கேஸ் போடத்தான செய்வாங்க? அதுக்கு எதுக்கு அந்தாளப் பெரிய தியாகி மாதிரி காட்டணும்?

சார், கோவிச்சுக்காதீங்க, கேஸ் போட்ட கதைய நீங்க படிச்சிருக்கீங்களா? 'தண்டா கோஷ்த்', அதாவது சில்லுனு போன மாமிசம். பிரிவினைக் கலவரத்துல கொலையும் கொள்ளையுமா திரிஞ்ச ஒருத்தன், ஒரு பொண்ணத் தூக்கிட்டுப் போறான், அப்பறம்தான் தெரியுது தோள்ல கெடந்தது பொணம்னு. அதுலருந்து அவனால கூட இருக்கற பொம்பளகிட்ட கூட சேர முடியல, ஒடம்பே மரத்துப் போச்சு. இதப் படிச்சு ஒருத்தனுக்கு ஆசை வருமா, இல்ல வயித்தப் பெரட்டுமா, நீங்களே சொல்லுங்க.

அவர் மேல மொத்தம் ஆறு கேஸ், எல்லாம் ஆபாசம்னுதான், மூணு வெள்ளக்காரன் ஆட்சில, மூணு பாகிஸ்தான்ல. ரெண்டு பக்கமும் தண்டனைச் சட்டத்துல பிரிவு ஒண்ணுதான், 292. ஆட்சி மாறுனாலும் சட்டப் புத்தகத்த யாரும் மாத்தல. இந்தக் கதைக்கு மாஜிஸ்திரேட் மூணு மாசம் கடுங்காவலும் 300 ரூவா அபராதமும் போட்டாரு, அப்பீல்ல விடுதலை, அரசாங்கம் அதுக்கு மேல போக, ஹைகோர்ட்ல மறுபடி 300 ரூவா அபராதம்.

ஆனா சார், படத்துல என்னைய அடிச்சது தீர்ப்பு இல்ல. ஃபைஸ் அகமத் ஃபைஸ், பெரிய கவிஞர், இவருக்குத்தான் சாட்சி சொல்ல வர்றாரு, வந்து 'ஆபாசம் இல்ல, ஆனா உயர்ந்த இலக்கியம்னும் சொல்ல முடியாது'ங்கற அர்த்தத்துல பேசிட்டுப் போறாரு. கேஸுக்கு அது ஒத்தாசைதான், ஆனா மண்ட்டோ மூஞ்சியப் பாருங்க, செத்துருச்சு. அசிங்கம்னு சொல்லிருந்தாக் கூடத் தாங்கிருப்பாரு, சுமார்னு சொன்னதத் தாங்கல. எங்க வீட்ல மீன் கொழம்பப் பத்தி 'பரவால்ல'ன்னு ஒரு தடவ சொல்லிட்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தக் கேஸுக்கப்பறம் மண்ட்டோவுக்குக் குடி, கடன், மூணு பொண்ணுங்கள வச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மா சஃபியா படுற அவஸ்தை. ஜெயில விட கோர்ட்டு அலைச்சல்தான் அந்தாளத் தின்னுருச்சு. படத்துல தியாகியால்லாம் காட்டல சார், குடிச்சுட்டு வந்து புள்ளைக்கு மருந்து வாங்க மறக்குற ஆளாத்தான் காட்டிருக்காங்க.

திருநகர் வாசகி: மண்ட்டோவா வர்ற நவாசுதீன் நடிப்பு எப்டி?

கண்ணாடிய ஏத்தி விடுற அந்த ஒரு வெரலுக்கே காசு. அவர் சம்பளம் ஒரு ரூவான்னு நந்திதா தாஸே சொல்லிருக்காங்க.

செல்லூர் காலேஜ் மாணவர்: அண்ணே, நம்ம ஊர்ல இப்டி ஒரு படம் எடுக்க கதை இருக்கா?

ஏன் இல்ல தம்பி. பெருமாள்முருகன் 2015ல 'எழுத்தாளன் செத்துட்டான்'னு அறிவிச்சதும் அடுத்த வருசம் சென்னை ஹைகோர்ட் எழுதட்டும்னு தீர்ப்பு சொன்னதும் உனக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு எடுக்கணும்னு ஆசையா இருக்கறது அது இல்ல, நம்ம திருமங்கலத்து விஸ்வநாததாஸ் கதை. சிவகாசில பொறந்து இங்க குடியிருந்த நாடக நடிகர். வள்ளி திருமணத்துல கொக்குப் பாட்டு பாடுவாரு, எழுதுனது மதுரகவி பாஸ்கரதாஸ், வெள்ளக் கொக்குன்னா வெள்ளக்காரன்னு கொட்டகைல கடல விக்கிறவனுக்குக் கூடத் தெரியும். போலீசு ஓரமா நிக்கும், பாடுனா அரெஸ்ட், பல தடவ உள்ள போய்ட்டு வந்து மறுபடி மேடையேறி அதையே பாடுவாரு. 1940 டிசம்பர் கடைசில மெட்ராஸ்ல முருகன் வேஷத்துல மேடைலயே உசுரு போச்சு. இன்னொண்ணு, அவர் பொறந்த ஜாதியச் சொல்லி ஜோடியா நடிக்க மாட்டேன்னு சொன்ன நடிகைங்களும் உண்டு, அந்தத் தடைக்கு எந்தக் கோர்ட்லயும் அப்பீல் கெடையாது. திருமங்கலத்துல அவர் நினைவு இல்லம் இருக்கு, பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல ஏறுனா கொஞ்ச நேரம்தான். போய்ப் பாத்துட்டு வா, வள்ளி வேஷத்துக்கு ஆள் கெடச்சதும் எனக்கு ஒரு லெட்டர் போடு.