மெம்பரேன் பயோரியாக்டர் முறையில் கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது?

மெம்பரேன் பயோரியாக்டர் என்பது, கழிவுநீரிலுள்ள கரிம அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று சிதைக்கும் தொட்டியையும், அந்த நுண்ணுயிரிகளை நீரிலிருந்து பிரிக்கும் மெல்லிய சவ்வையும் ஒன்றாக இணைத்த அமைப்பு.

பழைய முறையில் நுண்ணுயிர்ச் சேறு தானாக அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். அது சரியாகப் படியாத நாளில் தெளிந்த நீரோடு கலந்தே வெளியேறிவிடும். கலங்கல் நீரைக் குடத்தில் தெளியவைத்து மேலாக இறுப்பதற்கும், நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. சவ்வின் துளைகள் பொதுவாக 0.03 முதல் 0.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையே இருப்பதால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் தொட்டிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. சேற்றைப் படியவைக்கும் கவலை இல்லாததால், வழக்கமாக லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை இருக்கும் அதன் அடர்த்தியை 8,000 முதல் 12,000 வரை உயர்த்தலாம். சிறிய தொட்டியே போதும். மெதுவாக வளரும் நுண்ணுயிரிகளும் அடித்துச் செல்லப்படாமல் நிலைப்பதால், எளிதில் சிதையாத தொழிற்சாலைக் கழிவுக்கும் இது கைகொடுக்கிறது.

சவ்வின்மேல் ஒட்டும் சேற்றை, கீழிருந்து எழும் காற்றுக் குமிழிகள் உரசிக் கழுவியபடியே இருக்கின்றன. அதற்காகும் மின்சாரத்தைக் கணக்கிடாமல் இம்முறையைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பேன்.

வெளிவரும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் அதைக் குடிக்கலாம் என்று பலர் எண்ணுவது தவறு. கரைந்த உப்புகள் இந்தச் சவ்வைத் தாண்டி வந்துவிடும், அவற்றை நீக்க எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) போன்ற அடுத்த கட்டம் தனியே தேவைப்படும்.