கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை மூன்றும் ஒரே செடியா?

ஒரே செடிதான். இதைக் கேட்டதற்காக யாராவது உங்களைக் கிண்டலடித்திருப்பார்கள், விடுங்கள். இதைச் சொன்னதற்கே கல்லூரி விடுதியில் என்னை ஒரு மாதம் ஓட்டினார்கள்.

எனக்கு உடுமலைப் பக்கம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கரிசல் காட்டில் கொண்டைக்கடலை விதைப்பார், அப்புறம் தண்ணீரே கட்டமாட்டார், மண்ணில் கிடக்கும் ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே விளைந்துவிடும். விடிகாலையில் அந்தக் காட்டுக்குள் அரைக்கால் சட்டையோடு இறங்கினால் தெரியும், இலையில் சுரக்கிற புளிப்பு பனியோடு சேர்ந்து முழங்கால்வரை எரியும். இலையை நக்கினால் மாங்காய்ப் புளிப்பு. ஒரு காய்க்கு ஒன்றோ இரண்டோ மணிதான் இருக்கும்.

அப்படி வளர்ந்த என்னிடம் அறைத்தோழன் ஒருவன், "கடலைப்பருப்பு துவரை மாதிரி தனிச் செடிடா" என்று 100 ரூபாய் பந்தயம் கட்டினான். மெஸ்ஸில் ஒரு பிடி கறுப்புக் கொண்டைக்கடலை வாங்கி ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அவன் கண்ணெதிரே தோலைப் பிதுக்கினேன். மஞ்சளாக இரண்டு பாதி உள்ளங்கையில் விழுந்தது. அதுதானே கடலைப்பருப்பு? காய்ந்த கடலையை மில்லில் தோல் நீக்கி உடைக்கிறார்கள், அவ்வளவுதான். வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை, அதனால்தான் அதைச் சட்னிக்கு அப்படியே அரைக்க முடிகிறது.

உடனே யாராவது "அப்போ சன்னா மசாலாவுக்குப் போடும் வெள்ளைக் கடலை?" என்று வருவீர்கள். அதுவும் இதே இனம்தான், காபூலி என்று வேறு ரகம். பருப்புக்கு உடைப்பது சின்ன நாட்டு ரகத்தை. பட்டாணியை நான் இதில் சேர்க்கவில்லை, கடலை மாவில் அதைக் கலப்பவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். கடலை என்ற பெயர் முதலில் கொண்டைக்கடலைக்குத்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டது, இப்போது சென்னையில் கடலை கேட்டால் அதைத்தான் பொட்டலம் கட்டுகிறார்கள். இலங்கைக்காரர்கள் பரவாயில்லை, அதைக் கச்சான் என்று தனியாக வைத்துவிட்டு இதைக் கடலை என்றே சொல்கிறார்கள்.

அந்த 100 ரூபாய் இன்னும் வரவில்லை. போன வருஷம் அவன் கல்யாணத்துக்கு நான் 1000 மொய் வைத்தேன், அப்போதும் அவன் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை.