எதிரி தப்பி ஓடினான், மிஷன் முடியவே இல்லை

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர். வாரம் ஒருநாள் ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டை ஒன்றாகச் சேர்ந்து விளையாடுகிறோம். அதற்கு மிஷன் உருவாக்கும் மென்பொருளான ஃப்ரெட் எடிட்டரில் முதன்முதலாக ஒரு மிஷன் செய்தேன். மூன்று சரக்குக் கப்பல்களைப் பாதுகாத்து அனுப்ப வேண்டும். ஒரு கப்பல் அழிந்ததும் எதிரி விங் (போர் விமானக் குழு) பின்வாங்கும்படி வைத்தேன். சில சமயம் எல்லாம் முடிந்த பிறகும் ‘தளத்துக்குத் திரும்புங்கள்’ என்ற செய்தி வருவதில்லை. நடுவில் வெகுநேரம் சும்மா பறக்க வேண்டியிருக்கிறது என்றும் நண்பர்கள் குறைப்படுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய ஈவென்ட் பட்டியலிலேயே, அதாவது எந்த நிபந்தனை உண்மையானால் என்ன நடக்கும் என்ற பட்டியலிலேயே, விடை இருக்கிறது. திரும்பும் செய்திக்கு எதிரி விங்கின் மீது ‘இஸ்-டெஸ்ட்ராய்ட்-டிலே’ (அழிந்து இத்தனை விநாடி ஆனதா) என்ற கட்டளையை வைத்திருக்கிறீர்கள். ஒரு விங் அழிந்ததாக இந்தக் கட்டளை ஏற்க வேண்டுமானால், அதில் உள்ள எல்லா விமானங்களும் அழிந்திருக்க வேண்டும். ஒன்று தப்பிப் போனாலும் அது ஒருபோதும் உண்மையாகாது. பின்வாங்கச் சொன்னதும் நீங்கள்தான், பின்வாங்கினால் முடியாதபடி மிஷனைப் பூட்டியதும் நீங்கள்தான். வெற்றியை மட்டும் மனதில் வைத்து ஈவென்ட் எழுதுகிற எல்லோருக்கும் முதல் மிஷனில் இது நேரும்.

முடிவை எதிரியிடமிருந்து எடுத்துச் சரக்குக் கப்பல்களிடம் கொடுங்கள். கதையே அவற்றைப் பற்றியதுதானே! இந்த விளையாட்டின் திறமூல வடிவமான ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனில் ‘டெஸ்ட்ராய்ட்-ஆர்-டிபார்ட்டட்-டிலே’ இருக்கிறது. அதில் மூன்று கப்பல்களின் பெயரையும் போட்டு, தாமதம் 5 விநாடி வையுங்கள். மூன்றும் அழிந்தோ போய்ச்சேர்ந்தோ இருந்தால் செய்தி வரும். எதிரி எங்கே இருந்தாலும் கவலையில்லை.

வெற்றியா தோல்வியா என்பது தனிக் கணக்கு. முதன்மை இலக்கில் ‘பர்சென்ட்-ஷிப்ஸ்-டிபார்ட்டட்’ (எத்தனை சதவீதக் கப்பல்கள் புறப்பட்டன) போட்டு 66 என்று எழுதுங்கள். 67 எழுதினால் இரண்டு கப்பல் தப்பியும் இலக்கு நிறைவேறாது, ஏனென்றால் மூன்றில் இரண்டு 66.67 சதவீதம்தான். ஒவ்வொரு கப்பலின் புறப்பாட்டு நிபந்தனையும் ‘ஆர்-வேபாயின்ட்ஸ்-டன்-டிலே’யாக (பாதைப் புள்ளிகளைக் கடந்து முடித்ததா) இருக்கட்டும். மூன்றுக்கும் தனித்தனிப் பாதை போடுங்கள். பாதைகள் ஒன்றையொன்று வெட்டினால் கப்பல்கள் மோதிக்கொள்ளும். பக்கவாட்டில் 300 மீட்டர் இடைவெளி விட்டால் தொல்லை இல்லை.

இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. பலரும் கவனிக்காதது. எதிரி சுட்டு என்ஜின் அழிந்தால் கப்பல் அழியவும் இல்லை, புறப்படவும் இல்லை. நடுவழியில் நின்றுவிடும், மிஷனும் அதோடு நிற்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஈவென்ட் எழுதுங்கள்: ‘இஸ்-டிஸேபிள்ட்-டிலே’ 60 விநாடி உண்மையாக இருந்தால் ‘செட்-சப்சிஸ்டம்-ஸ்ட்ரெங்த்’ மூலம் என்ஜினை 30 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். கூடவே ‘என்ஜினைச் சரிசெய்துவிட்டோம்’ என்று கப்பலிலிருந்தே ஒரு செய்தி வரட்டும். நின்றுபோன கப்பலைச் சுற்றி நின்று காக்கும் அந்த ஒரு நிமிடம், மிஷனின் மிகச் சூடான நிமிடமாக அமையும். ஈவென்டின் ரிப்பீட் எண்ணிக்கை இயல்பாக 1 என்றிருக்கும். அதாவது இந்தப் பழுதுபார்ப்பு ஒரு முறைதான் நடக்கும்.

அடுத்தது சும்மா பறக்கும் நேரம். உங்கள் பாதை 36,000 மீட்டர். கப்பல் வேகம் விநாடிக்கு 20 மீட்டர். வகுத்தால் 1,800 விநாடி, அதாவது அரை மணி நேரம்! 12,000 மீட்டராகக் குறையுங்கள், பத்து நிமிடம் போதும். கப்பல்களின் வேகம் வெவ்வேறாக இருந்தால் ‘கேப்-வேபாயின்ட்-ஸ்பீட்’ கொடுத்து எல்லாவற்றையும் மெதுவான கப்பலின் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கட்டளை வேகத்தைக் குறைக்கும், கூட்டாது.

முதல் தாக்குதல் 60-ஆவது விநாடியில் வரட்டும். வருகை இடம் ஹைப்பர்ஸ்பேஸ் என்றிருந்தால் எதிரி எடிட்டரில் நீங்கள் வைத்த புள்ளியிலேயே வருவான், அதற்குள் கப்பல்கள் நகர்ந்து போயிருக்கும். ‘நியர் ஷிப்’ (கப்பலுக்கு அருகில்) தேர்ந்தெடுத்து, தூரம் 2,500 மீட்டர் வையுங்கள். விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வரும் எதிரி ஏறத்தாழ 36 விநாடியில் கப்பலை எட்டிவிடுவான், உங்கள் ஆட்கள் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்கும். அதோடு எதிரி விங்குக்கு ‘ஏஐ-சேஸ்’ கட்டளையில் சரக்குக் கப்பலின் பெயரைக் கொடுங்கள். இலக்கு சொல்லாமல் விட்டால் அவர்கள் உங்கள் ஆட்களோடு சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள், கப்பலுக்கு ஆபத்து குறைந்துவிடும்.

வேவ்களில், அதாவது விங் அலை அலையாக வருவதில், ஒரு கணக்கு உண்டு. ஒரு விங்கில் அதிகபட்சம் 6 விமானம். த்ரெஷோல்ட் எண்ணையும் (எத்தனை பேர் மிஞ்சும்போது அடுத்த வேவ் வரும் என்பது) விமான எண்ணிக்கையையும் கூட்டினால் 6-ஐத் தாண்டக் கூடாது. 4 விமானம், த்ரெஷோல்ட் 1 என்றால், ஒருவன் மிஞ்சியிருக்கும்போதே அடுத்த வேவ் வரும். மூச்சுவிட இடம் வேண்டுமென்றால் 0 போடுங்கள்.

எட்டுப் பேரும் எல்லா வாரமும் வரமாட்டார்கள். கூடுதல் விங்கின் வருகைக்கு இரண்டு நிபந்தனைகளை ‘அண்ட்’ கொண்டு சேருங்கள்: ‘ஹாஸ்-டைம்-எலாப்ஸ்ட்’ (கடந்த விநாடிகள்) 240, ‘நம்-பிளேயர்ஸ்’ (ஆட்டக்காரர் எண்ணிக்கை) 4-க்கு மேல். மூன்று பேர் விளையாடும் நாளில் அந்த விங் வராது.

மிஷன் முடிந்ததும் வரும் முடிவுரைப் பக்கத்தை மறக்காதீர்கள். நிபந்தனை உண்மையாகும் எல்லாப் பகுதிகளும் வரிசையாகத் திரையில் வரும், ஒன்று மட்டும் அல்ல. ‘66 சதவீதம் தப்பியது’ என்ற பகுதி, மூன்றும் தப்பினாலும் உண்மையே. எனவே அதில் ‘100 சதவீதம் இல்லை’ என்பதையும் சேருங்கள், இல்லையேல் பாராட்டும் வருத்தமும் ஒன்றாக வரும். பாதியிலேயே கிளம்பிவிட்டவர்களுக்கும் ஒரு பகுதி வேண்டும்.

சேமிக்கும் முன் ஷிஃப்ட்+எச் அழுத்திப் பிழை சோதனை ஓட்டுங்கள். அது பெயர், கட்டமைப்புத் தவறுகளைத்தான் காட்டும், மேலே சொன்ன பலவற்றைக் காட்டாது. அதனால் மீடியம் நிலையில் நான்கு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒழுங்காக விளையாடுங்கள். அடுத்து ஒரு குண்டும் சுடாமல் சும்மா இருங்கள். மூன்றாவதில் தொடங்கியதும் ஆல்ட்+ஜே அழுத்திக் கிளம்புங்கள். கடைசியில் நீங்களே ஒரு கப்பலின் என்ஜினைச் சுட்டு நிறுத்துங்கள். சும்மா இருக்கும் ஓட்டத்தில்தான் அதிகப் பிழை தெரியும், அதைத் தவிர்க்காதீர்கள்.