‘இன்னும் நடக்கலையே!’ – குழந்தை வளர்ச்சி கேள்வி பதில்

பிறந்த நாள் முதல் 5 வயது வரை: அசைவு, பேச்சு, விளையாட்டு. இவை பற்றிக் கேளுங்கள். காய்ச்சல், எடை, சத்து மாவுக்கெல்லாம் உங்கள் குழந்தை மருத்துவர்தான்.

11 மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள். மாமியார் பயமுறுத்துகிறார்.

தவழாமலே நடக்கிற பிள்ளைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், 100க்கு 4 பிள்ளைகள் முழங்காலிட்டுத் தவழவே இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: இரண்டு கையும் ஒரே மாதிரி நீள்கிறதா? ஒரு வயதுக்குள்ளேயே எதற்கும் இடக்கை மட்டும் வந்தால், ‘தாத்தா மாதிரி நொட்டாங்கை’ என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வலக்கையில் பலக்குறைவு இருக்கலாம். காட்டிவிடுங்கள்.

32 வாரத்தில் பிறந்தவன். 8 மாதமாகியும் உட்காரவில்லை.

நிறைமாதம் என்பது 40 வாரம். அதிலிருந்து 32 போனால் 8 வாரம். அதைக் கழியுங்கள், வளர்ச்சிக் கணக்கில் அவனுக்கு இப்போது ஏறக்குறைய 6 மாதம்தான். 2 வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான்.

13 மாதம், நடக்கலை. வாக்கர் வாங்கலாமா?

தனியாக நடப்பது 8 மாதத்திலும் நடக்கும், பதினேழரையிலும் நடக்கும். 18 முடிந்தும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். வாக்கர் வேண்டாம். துணி இருக்கையில் தொங்கும் பிள்ளை நுனிக்காலால் தரையை உந்துகிறது. தன் பாதமே அதன் கண்ணில் படாது. இடுப்புக்கும் முதுகுக்கும் வேலையே இல்லை. ஒரு நொடியில் ஒரு மீட்டர் ஓடி அடுப்படிக்குப் போய்விடும். கனடாவில் 2004 முதல் விற்பனைக்கே தடை.

அப்போ எங்கள் காலத்து நடைவண்டியும் தப்பா? நாலு பிள்ளை வளர்த்தவள் கேட்கிறேன்.

இல்லைம்மா, இரண்டும் வேறு. நடைவண்டியில் பிள்ளை வெளியே, பின்னால் நிற்கிறது. பாதம் முழுசாகத் தரையில் பதிகிறது. தள்ளினால்தான் வண்டி நகரும், பிடியை விட்டால் பிள்ளை விழும். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகு கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டைல்ஸ் தரையில் நடைவண்டி வழுக்கி என் பேரன் வாயில் அடி. பழம்பெருமை பேசாதீர்கள்!

நியாயமான சண்டை. அந்த வண்டி மண் தரைக்கும் சிமெண்டுக்கும் செய்தது. பழைய சைக்கிள் டியூபைச் சக்கர அகலத்துக்கு வெட்டி, மூன்று சக்கரத்திலும் இறுக்கிச் சுற்றுங்கள். வண்டி மெதுவாகும். அப்படியும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான் சமைக்கும்போது வாக்கர்தானே காப்பாற்றுகிறது?

காப்பாற்றவில்லை, சூடான குழம்புக்குப் பக்கத்தில் கொண்டு போகிறது. அடுக்களை வாசலில் தடுப்பு வையுங்கள், கூடத்தில் பாயை விரித்து இறக்கிவிடுங்கள்.

2 வயது. ‘அம்மா’, ‘தா’ தவிரப் பேச்சில்லை. வீட்டில் இரண்டு மொழி. நாக்கில் தேன் தடவலாமா?

தேன் நாக்கைப் புரட்டாது. ஒரு வயதுக்குள் தந்தால் ஆபத்தும்கூட. இரண்டு மொழியால் பேச்சு தள்ளிப்போவதும் இல்லை. 2 வயதில் ‘பால் தா’ மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் காது. ‘கூப்பிட்டால் திரும்புகிறானே’ என்பது போதாது, லேசான குறை அதில் தெரியாது. ஓஏஇ, பெரா என்று காது கேட்கும் திறனை அளக்கும் சோதனைகள் உண்டு, அவற்றைக் கேளுங்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேசிய சொல்லை இழந்திருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். முறுக்கை இறுக்கமான டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டுவான். மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். ‘தா’ என்றால் ‘முறுக்கு தா’ என்று சொல்லித் திறந்து, ஒன்றே ஒன்று கொடுங்கள். மறுபடி நீட்டுவான். அவன் சொல்வதைவிட ஒரு சொல் கூடுதல், அவ்வளவே. கைபேசியை எடுத்து வைத்துவிடுங்கள். அது பதிலுக்குக் காத்திருக்காது.

3 வயது, ‘ர’ வராமல் ‘லயில்’ என்கிறாள்.

வரும். ‘ழ’ பெரியவர்களுக்கே வரவில்லை.

14 மாதம், நடக்கலை…

மேலே பாருங்கள்.

எல்கேஜியில் ‘அ’ எழுதச் சொல்கிறார்கள். மூன்றரை வயது, அழுகிறாள்.

3 வயதில் வட்டம், 4இல் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், 5இல் முக்கோணம். கை முதிர்வது ஏறக்குறைய இந்த வரிசையில். ‘அ’வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருகின்றன. பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கி ஒதுக்கி வையுங்கள். சாக்பீஸைச் சுண்டுவிரல் நுனியளவு உடைத்துக் கொடுங்கள். அத்தனை சிறிய துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானே கூடும். சிலேட்டைச் சுவரில் மாட்டினால் மணிக்கட்டும் நிமிரும்.

15 மாதம். வாக்கரில் நன்றாக ஓடுகிறான், இறக்கினால் நிற்கவில்லை.

அதனால்தான். இறக்குங்கள். பாதம் தட்டையாக ஊன்றாமல் நுனியிலேயே நின்றால் காட்டுங்கள்.

நடைவண்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பிடி, பிள்ளையின் மார்புக்குக் கீழே இருக்கட்டும். ஆணித் தலை எங்காவது துருத்துகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சாயத்தை ஈரத் துணியால் தேயுங்கள். துணியில் ஒட்டினால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பிள்ளை பிடியைக் கடிக்கும்.