சிரிக்கிறவனுக்குத் தெரியாது!

கேள்வி: ஒடுங்கி நிற்கும் வேலைக்காரன், யார் அடித்தாலும் வாங்கிக்கொள்வான். கடைசியில் பார்த்தால் மலையைப் பிளக்கும் மாவீரன்! இப்படிப்பட்ட தொடர்களை விடிய விடியப் பார்க்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 'இது ரசனைக் குறைவு' என்கிறாள் என் மகள். உண்மையா?

பதில்: அந்தக் குறை வியாசருக்கே உண்டு, அம்மா. விராட பருவத்தை எடுத்துப் பாருங்கள். கௌரவப் படையைக் கண்டதும் உத்தரகுமாரன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பின்னல் அலைபாய, சிவப்பு ஆடை பறக்க, அவனைத் துரத்துகிறாள் நடனம் சொல்லித்தரும் பிருகன்னளை. அதைப் பார்த்துப் படைவீரர்கள் சிலர் சிரிக்கிறார்கள். ஓடுவது அர்ஜுனன் என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். காண்டீபம் எந்த வன்னி மரத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். நீங்கள் விடிய விடியக் காத்திருப்பது அந்தச் சிரிப்பு எப்போது அடங்கும் என்பதற்காகத்தான்.

கிரேக்கர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில், சொந்த வீட்டிலேயே பிச்சைக்காரனாக நிற்கும் மன்னன் ஒடிசியஸ்மீது, அவன் மனைவியை மணக்க வந்து குவிந்தவர்களில் ஒருவனான ஆண்டினூஸ் முக்காலியை வீசுகிறான். ஒடிசியஸ் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான். பிறகு வில் கைக்கு வந்து, அம்பு 12 கோடரிகளின் துளைகள் வழியே பாய்ந்து போனதும், முதலில் சாய்கிறவன் அதே ஆண்டினூஸ்.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடுவேன். அறை விழுந்தும் நாயகன் தலைகுனிந்து நிற்கும் காட்சியைத்தான் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். ஆனால், அவன் ஒளிந்திருக்க வலுவான காரணம் வேண்டும். கீசகனைப் பட்டப்பகலில், சபை நடுவிலேயே பீமன் நசுக்கியிருக்கலாம். 13-ஆம் ஆண்டில் அடையாளம் தெரிந்தால் மறுபடியும் 12 ஆண்டு காடு! ஆகவே இரவில், நடனசாலையில் கதையை முடித்து, பழியைக் கந்தர்வர்கள் தலையில் போட வேண்டியிருந்தது. இன்றைய தொடர்கள் பலவற்றில் காரணமே இல்லை. நாயகன் சும்மா ஒளிந்திருக்கிறான், இரண்டாம் அத்தியாயத்தில் சும்மா வெளிப்பட்டும் விடுகிறான். மிச்சமுள்ள அத்தியாயங்களில் நாயகி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

கேள்வி: பறக்கிறார்கள், உள்ளங்கையிலிருந்து ஒளி பாய்ச்சுகிறார்கள். இதற்கு ஓர் அளவே கிடையாதா?

பதில்: பறக்கட்டும். நேற்று ஒரு படையையே சாய்த்தவன் இன்று இரண்டு அடியாட்களிடம் கட்டுண்டு கிடந்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: ஒரே ஒரு தொடரைப் பரிந்துரையுங்கள்.

பதில்: 2023-இல் வந்த 'மூவிங்' என்ற கொரியத் தொடர். மனம் துள்ளினால் உடம்பும் மேலே எழும்பிவிடும் பையன் ஒருவன். அவன் மிதந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தாய் வயிறு முட்ட ஊட்டி எடை ஏற்றுகிறாள். அது போதாமல் சுமையையும் கட்டி அனுப்புகிறாள். இங்கே ஒளிந்திருக்கக் காரணம் இருக்கிறது, பாருங்கள். மொத்தம் 20 அத்தியாயங்கள். ரத்தம் கொஞ்சம் அதிகம். சாப்பிடும் நேரத்தில் வேண்டாம்.